பதினேழு மீற்றர்

எங்கள் பக்கத்தில்
மலை என்று பேர்வைத்த இடத்துக்குப் போனால்
கேணிதான் இருக்கும்.
கீரிமலையில் நான் நீந்தியிருக்கிறேன், ஏறியதில்லை.
ஆகையால் நில அளவைக் கந்தோரில் இருந்து
"மணற்காட்டு உச்சிக் கல்லைக் கண்டு உறுதிசெய்க" என்று
கடிதம் வந்தபோது
உச்சி என்பதில் எனக்குத் தெரிந்தவை இரண்டே:
தலை, வெயில்.

புஷ்பலீலா மஸ்கெலியாக்காரி.
மாற்றலாகி வந்து ஏழு மாதம்.
சிவனொளிபாதத்துக்கு
தாய் வயிற்றில் இருந்தபடி ஒருதரம்,
தன் காலால் ஒன்பது தரம்.
வல்லிபுரம் தாண்டிச் சவுக்கு நிழலில்
மோட்டார்சைக்கிளை நிறுத்தியதும்
நெற்றியில் கைவைத்துத் தேடினாள்.
"எங்கங்க மலை?"
காட்டினேன்.
கொஞ்ச நேரம் சிரித்தாள்,
பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வரைபடத்தில் பழைய வண்டிப்பாதை
ஒரு புள்ளிக்கோடு.
நிலத்தில் அது
கழுத்துமட்டும் புதைந்து நிற்கும் பனைகளின் வரிசை.
அறுபது வயது மரம் வடலி உயரத்தில்.
ஏறாமல், எட்டாமல்,
குனிந்தே நுங்கு பறிக்கலாம்.
கருவாடு ஏற்றிய வண்டிகள்
இந்த ஓலைகளுக்கு வெகு கீழே போயிருக்கும்.
நாங்கள் ஓலைகளை விலக்கி விலக்கிப் போனோம்,
கருக்கு என் முழங்கையைக் கீறியது.

அடம்பன் கொடி முடிகிற இடத்தில்
ஏற்றம் தொடங்குகிறது.
இராவணன் மீசை காற்றில் உருண்டு
எங்களை முந்திக்கொண்டு ஏறியது.
ஓரடி வைத்தால் முக்கால் அடி திரும்பி வரும்.
முக்காலியை ஊன்றினால் முக்காலி இறங்கும்.
பாதி வழியில் அவள் நான்கு காலில்.
"எங்கூர்ல கால வச்சா
வச்ச எடத்துல இருக்கும்ங்க" என்றாள்.
நான் சிரிக்கவில்லை.
சிரிக்க மூச்சு இருக்கவில்லை.

மேலே கல் இல்லை.
கத்தி முதுகுபோல் ஒரு விளிம்பு,
அதிலிருந்து புகையாக எழும்பும் மணல்.
ஒரு பக்கம் கடல்,
மறுபக்கம் சவுக்கு, அதற்கப்பால் வயல்.
கருவி சொன்னது:
உச்சி இங்கில்லை,
தொண்ணூறு மீற்றர் கடல்பக்கம், கீழே.

இறங்கினோம்.
அந்த இடத்தில் நிலம் என் வீட்டு முற்றம்போல் மட்டம்.
ஏட்டில் உள்ள உச்சியோ
தலைக்கு மேலே வெறும் வெளியில்.
ஒரு பருந்து அதனூடாகப் போய்வந்தது.
கல் மட்டும், அடியில் இருந்த மலை நழுவ நழுவ
ஒவ்வொரு அங்குலமாய்க் கீழே வந்து
சரிந்து நிற்கிறது,
கழுத்தில் ஒரு வெள்ளாட்டின் கயிறு.

ஆட்டுக்காரர் டொன்பொஸ்கோ
படகில் இருந்து எஞ்சினைத் தோளில் தூக்கி வந்தார்.
"உது உங்கட கல்லோ?
கயிறு கட்ட நல்லது, விட்டிட்டுப் போங்கோ."
மலை எங்கே என்று கேட்டேன்.
"அது அங்கால போட்டுது" என்றார்,
பக்கத்து வீட்டார் குடிபெயர்ந்ததைச் சொல்வதுபோல.

படிவத்தில் ஒரு கட்டம்:
நிலையானது / நிலையற்றது. பொருந்தாததை வெட்டுக.
நான் பேனையைத் தேடினேன்.
அவள், "மறுபடி ஏறி அளந்துருவோம்" என்றாள்.
ஏறினோம்.
பதினேழு மீற்றர்.
பழைய ஏட்டிலும் பதினேழுதான்.
இடத்தை மாற்றியதே தவிர
உயரத்தில் ஒரு சாண் விட்டுக்கொடுக்கவில்லை.

அவளுக்குப் போன் வந்தது.
"ஆமாம்மா, மலைமேலதான் நிக்கிறேன்.
யாழ்ப்பாணத்துலதான்மா.
இல்ல, குளிரல.
பொய் இல்லம்மா, மூச்சு வாங்குது கேக்கலயா?"
போனைக் காற்றுக்கு நீட்டிப் பிடித்தாள்.
அந்த முனையில்
மஸ்கெலியா என்ன கேட்டதோ தெரியாது.

வெயில் சரிந்தபோது திரும்பிப் பார்த்தோம்.
ஏறிவந்த தடம் ஒன்றுகூட இல்லை.
நான்தான் ஊர்க்காரன் என்று
இடப்பக்கமாய் இறக்கினேன்.
கூரை இல்லாத பழைய தேவாலயத்தின்
சுவர் மேல் போய் இறங்கினோம்.
மோட்டார்சைக்கிளுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
அவள் முன்னால் நடந்தாள்.
படிவம் என் சட்டைப்பையில்,
இரண்டு சொல்லும் வெட்டுப்படாமல்.